எலிசபெத் ஹேசன்: உடம்புக்குள் வளரும் ஈஸ்ட்டுக்கு மருந்து கண்டுபிடித்தவர்... அந்த மருந்து சோர்வைப் போக்குமா?

காலையில் எழும்போதே சோர்வு. சாப்பாட்டைக் குறைத்தும் எடை குறையவில்லை. வயிறு எப்போதும் உப்பிக்கொண்டே இருக்கு. இதெல்லாம் இருந்தால் உடம்புக்குள் ஈஸ்ட் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம் எனச் சொல்லும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. சர்க்கரையை நிறுத்துங்க, பிரெட்டை நிறுத்துங்க, இந்தப் பவுடரைக் குடிங்க என்று ஒரு பட்டியலும் கூடவே வரும்.

இதில் எவ்வளவு உண்மை? இந்தக் கேள்வியை டாக்டர்கள் ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய மருந்தின் பெயர் நிஸ்டாட்டின். அதைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் அமெரிக்க விஞ்ஞானி எலிசபெத் லீ ஹேசன்.

யார் இந்த எலிசபெத் ஹேசன்?

1885 ஆகஸ்ட் 24-ம் தேதி அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ரிச் என்ற சின்ன ஊரில் பிறந்தார் ஹேசன். பருத்தி விவசாயக் குடும்பம். விவரம் தெரியாத வயதிலேயே அப்பா, அம்மா இருவரும் இறந்துவிட, அவரையும் அவருடைய சகோதரியையும் பக்கத்து ஊரான லூலாவில் இருந்த உறவினர்கள் தங்கள் வீட்டில் வைத்து வளர்த்தார்கள்.

1910-ல் மிசிசிப்பியில் இருந்த பெண்கள் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு ஜாக்சன் நகரத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. இயற்பியலும் உயிரியலும் சொல்லிக் கொடுத்துக்கொண்டே கோடை விடுமுறைகளில் பல்கலைக்கழக வகுப்புகளுக்குப் போனார். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1917-ல் முதுகலைப் பட்டம், அதே இடத்தில் 1927-ல் நுண்ணுயிரியலில் டாக்டர் பட்டம். அப்போது அவருக்கு 40 வயது தாண்டிவிட்டது.

1931-ல் நியூயார்க் மாநில சுகாதாரத் துறையின் ஆய்வகத்தில் சேர்ந்தார். நோய் எங்கிருந்து கிளம்புகிறது என்று தடம் பிடிப்பதுதான் வேலை. ஆந்த்ராக்ஸ் நோய் பரவியபோது, அது ஒரு பிரஷ் தயாரிக்கும் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் இவர்.

பாக்டீரியா செத்தது, பூஞ்சை கிளம்பியது

1940-களில் பெனிசிலின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வந்தன. அதுவரை உயிரைக் குடித்த பாக்டீரியா நோய்கள் சில நாட்களில் குணமாயின. ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இன்னொரு பிரச்னை தலைதூக்கியது.

நம் வாய், குடல், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை இயல்பாகவே கொஞ்சம் இருக்கும். இது நோய் இல்லை. அங்கேயே வாழும் நல்ல பாக்டீரியாக்கள் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்வதால் ஈஸ்ட்டால் பெருக முடியாது. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் கெட்ட பாக்டீரியாவோடு இந்தக் காவல்காரர்களும் சாகிறார்கள். ஆனால் ஈஸ்ட் பாக்டீரியா இல்லை என்பதால் அந்த மருந்துக்குச் சாகாது. காலி இடம் கிடைத்ததும் பெருக ஆரம்பித்துவிடும்.

விளைவு? வாயில் தயிர் படிந்த மாதிரி வெள்ளைப் படலம், விழுங்கும்போது எரிச்சல், பெண்களுக்கு அரிப்போடு வெள்ளைப்படுதல். உடம்பு ரொம்ப பலவீனமான நோயாளிகளுக்கு ரத்தத்திலேயே பரவி உயிருக்கு ஆபத்தாகவும் முடியும். ஈஸ்ட் அளவுக்கு மீறி வளர்வது என்றால் மருத்துவத்தில் இதுதான்.

அன்றைக்கு இதற்குப் பாதுகாப்பான நல்ல மருந்து கிடையாது. பூஞ்சையும் மனித செல்லும் அமைப்பில் நெருங்கிய சொந்தம் மாதிரி. ஒன்றைக் கொல்லும் மருந்து இன்னொன்றையும் பதம் பார்த்துவிடும். இந்தச் சிக்கலைத்தான் ஹேசன் கையில் எடுத்தார். இதற்காகவே கொலம்பியாவுக்குத் திரும்பப் போய் பூஞ்சையியலைக் கற்றுக்கொண்டார்.

தபாலில் நடந்த ஆராய்ச்சி

1948-ல் ஹேசனோடு கைகோத்தவர் ரேச்சல் ஃபுல்லர் பிரவுன். வேதியியல் நிபுணர், ஹேசனைவிட 13 வயது இளையவர். ஒரே துறையில் வேலை என்றாலும் ஹேசன் இருந்தது நியூயார்க் நகரத்தில், பிரவுன் இருந்தது ஆல்பனியில். இடையில் சுமார் 240 கிலோமீட்டர். இருவரையும் இணைத்தது தபால்தான்.

மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்கள், பக்கத்தில் இருக்கும் பூஞ்சைகளைக் கொல்ல ரசாயனங்களைச் சுரக்கும். அந்த ரசாயனத்தைப் பிடித்தால் மருந்து கிடைக்கும் என்பதுதான் யோசனை. பல இடங்களிலிருந்து வந்த மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களை ஹேசன் தனித்தனியாக வளர்ப்பார். இரண்டு ஆபத்தான பூஞ்சைகளின் மேல் அவற்றைச் சோதிப்பார். பூஞ்சையைக் கொல்லும் நுண்ணுயிர் சிக்கினால் அதைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து ஆல்பனிக்கு அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து வேலை செய்யும் ரசாயனத்தை மட்டும் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்புவார். ஹேசன் அதை மறுபடியும் பூஞ்சையின் மேலும், பிறகு விலங்குகளுக்குக் கொடுத்தும் சோதிப்பார்.

பெரும்பாலும் கிடைத்தது ஏமாற்றம்தான். பூஞ்சையைக் கொன்ற ரசாயனம் விலங்கையும் கொன்றது. ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த ஜாடிக்குப் போனார்கள். பூஞ்சையைக் கொல்கிறது என்பதற்காக மட்டும் எதையும் அவர்கள் மருந்தாக ஏற்கவில்லை.

திருப்பம் வந்தது விடுமுறையில். வர்ஜீனியா மாநிலத்தில் நோர்ஸ் என்ற நண்பரின் குடும்பப் பண்ணைக்குப் போனபோது அங்கிருந்து எடுத்து வந்த மண்ணில் ஒரு புது நுண்ணுயிர் கிடைத்தது. அது சுரந்த ரசாயனம் பூஞ்சைகளைக் கொன்றது, விலங்குகளோ பிழைத்துக்கொண்டன. பண்ணைக்காரரின் பெயரால் அந்த நுண்ணுயிருக்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் நோர்ஸி என்று பெயர் வைத்தார் ஹேசன்.

1950-ல் கண்டுபிடிப்பை அறிவித்தார்கள். முதலில் வைத்த பெயர் வேறொன்றுக்கு ஏற்கெனவே இருந்ததால், வேலை பார்த்த நியூயார்க் மாநிலத்தின் பெயரைச் சுருக்கி நிஸ்டாட்டின் என்று மாற்றினார்கள். மனிதர்களுக்குப் பாதுகாப்பாகப் பயன்படுத்தக்கூடிய முதல் பூஞ்சைக்கொல்லி ஆன்டிபயாட்டிக் என்ற பெருமை இதற்குத்தான்.

பூஞ்சையின் மேலுறையில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கும், நம் செல்லில் இருப்பது கொலஸ்ட்ரால். நிஸ்டாட்டின் எர்கோஸ்டெராலைத் தேடிப் பிடித்து ஓட்டை போடும். உள்ளே இருப்பது கசிந்து பூஞ்சை செத்துவிடும். வாய் வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கிட்டத்தட்ட கலக்காது, குடலிலேயே வேலையை முடித்துக்கொண்டு வெளியேறிவிடும்.

கோடிக்கணக்கில் வந்த பணம் எங்கே போனது?

ஸ்குவிப் நிறுவனம் 1954-ல் இதை மாத்திரையாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1957-ல் காப்புரிமை கிடைத்தது. அது முடியும்வரை வந்த ராயல்டி 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேல். அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை.

இருவரும் தங்களுக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. முழுவதும் அறிவியல் ஆராய்ச்சிக்கும், படிக்க வருபவர்களின் உதவித்தொகைக்கும் போனது. பிரவுனின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியது அவர் பாட்டியின் தோழி. ஹேசனை வளர்த்ததோ உறவினர்கள். அடுத்தவர் உதவியால் படித்து மேலே வந்தவர்கள், அதைப் பல மடங்காகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

1966-ல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தில் வெள்ளம் வந்து ஓவியங்கள் நனைந்தபோது, அவற்றில் பூஞ்சை பிடிக்காமல் காக்கவும் நிஸ்டாட்டின் பயன்பட்டது. ஓய்வுபெற்ற பிறகும் கொலம்பியாவில் ஆய்வைத் தொடர்ந்த ஹேசன், 1975-ல் சியாட்டில் நகரத்தில் 89 வயதில் காலமானார். பிரவுன் 1980-ல் காலமானார். 1994-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் அரங்கத்தில் இருவர் பெயரும் சேர்ந்தது.

எல்லாச் சோர்வுக்கும் ஈஸ்ட்தான் காரணமா?

ஹேசன் இறந்த சில ஆண்டுகளில் அவருடைய மருந்து வேறொரு பாதைக்குப் போனது. 1970-களின் கடைசியில், அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமைச் சேர்ந்த டாக்டர் ஓரியன் டிரஸ் ஒரு கருத்தை எழுதினார். சோர்வு, மனச்சோர்வு உள்ளிட்ட பல பிரச்னைகளுக்கு உடலில் இருக்கும் கேண்டிடாதான் காரணம் என்பது அவர் கருத்து. 1983-ல் டாக்டர் வில்லியம் க்ரூக் இதைப் பற்றி எழுதிய புத்தகம் அமெரிக்காவில் பரபரப்பாக விற்றது. சர்க்கரையையும் ஈஸ்ட் சேர்த்த உணவையும் விட்டுவிட்டு நிஸ்டாட்டின் சாப்பிட ஆரம்பித்தார்கள் மக்கள். இன்றைய வீடியோக்களின் வேர் இங்கேதான் இருக்கு.

இது உண்மையா என்று பர்மிங்ஹாமிலேயே டாக்டர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். 42 பெண்கள், 32 வாரங்கள். சில வாரங்கள் நிஸ்டாட்டின், சில வாரங்கள் மருந்தே இல்லாத போலி மாத்திரை. எது எப்போது தரப்படுகிறது என்று பெண்களுக்கும் தெரியாது, கவனித்த டாக்டர்களுக்கும் தெரியாது.

1990-ல் முடிவு வெளியானது. பிறப்புறுப்பில் இருந்த ஈஸ்ட் தொல்லைக்கு நிஸ்டாட்டின் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சோர்வு போன்ற உடல் முழுக்க இருக்கும் தொந்தரவுகளில், போலி மாத்திரை சாப்பிட்டபோது கிடைத்ததைவிடக் குறிப்பிடும்படியாக எதுவும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. போலி மாத்திரையிலும் பலருக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றியது.

இந்தச் சோதனை எடையைப் பார்க்கவில்லை. ஆனால் ஈஸ்ட் பெருகுவதால் எடை கூடும் என்பதற்கு மருத்துவ உலகம் ஏற்கும் ஆதாரம் எதுவும் இல்லை. அப்படியென்றால் டயட் இருந்தவர்களுக்கு எடை குறைவது எப்படி? சர்க்கரை, மைதா, பீர் எல்லாவற்றையும் நிறுத்தினால் கலோரி குறையும், எடையும் குறையும். இதற்கு ஈஸ்ட் சாக வேண்டிய அவசியமே இல்லை.

அப்போ சோர்வு பொய்யா?

இல்லை. சோர்வு நிஜம், எடை கூடுவதும் நிஜம். காரணம்தான் வேறாக இருக்கலாம். தைராய்டு சுரப்பு குறைவு, ரத்தசோகை, பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டி, குறட்டையோடு வரும் தூக்கத்தில் மூச்சுத்திணறல், மனச்சோர்வு என்று டாக்டர்கள் தேடிப் பார்க்கும் காரணங்கள் பல. பெரும்பாலானவற்றுக்கு ரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும் இருக்கு.

சில நேரம் ஈஸ்ட்டும் சோர்வும் சேர்ந்தே வரும். கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய் உடம்பைச் சோர்வாக்கும், ஈஸ்ட் தொற்றையும் திரும்பத் திரும்பக் கொண்டுவரும். நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை எடையையும் கூட்டும், ஈஸ்ட்டுக்கும் வழிவிடும். இரண்டையும் பார்த்துவிட்டு ஈஸ்ட்தான் காரணம் என்று முடிவு செய்தால், பின்னால் இருக்கும் சர்க்கரை நோய் கண்ணில் படாமலே போய்விடும். ஆபத்து அங்கேதான் இருக்கு.

வாயில் வெள்ளைப் படலமோ, அரிப்போடு வெள்ளைப்படுதலோ அடிக்கடி வந்தால் டாக்டரிடம் காட்டுங்க, சர்க்கரை அளவையும் பாருங்க. நிஸ்டாட்டின் இன்றும் வாய்ப் பூஞ்சைக்கு டாக்டர்கள் எழுதும் மருந்துதான், உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

விலங்கைக் கொன்ற மருந்தை ஒவ்வொரு முறையும் தூக்கிப் போட்ட பிறகுதான் ஹேசனுக்கு நிஸ்டாட்டின் கிடைத்தது. சோர்வுக்கு ஈஸ்ட்தான் காரணம் என்ற கருத்தும் அதே மாதிரி சோதனைக்குப் போனது, தேறவில்லை. வாரக்கணக்கில் சோர்வு நீடித்தால் பவுடர் வாங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் போவதே நல்லது.