அணைக்காத எந்திரம்

குண்டு பல்பு எப்போது பியூஸ் ஆகிறது? நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போது கெடுவது குறைவு. பெரும்பாலும் சுவிட்சைப் போட்டவுடன்தான் கெடுகிறது. பளிச்சென்று ஒரு வெளிச்சம். அடுத்த நொடி இருட்டு!

எல்லார் வீட்டிலும் நடக்கும் சங்கதி இது. இதற்குள் இருந்த உண்மையை நம்பி ஒரு மனிதர் மாபெரும் எந்திரம் ஒன்றைச் செய்தார். அது 2-வது உலகப்போரில் பிரிட்டனுக்குக் கைகொடுத்தது. ஆனால், செய்தவரின் பெருமையோ சுமார் 30 ஆண்டுகள் உலகுக்குத் தெரியவில்லை.

அவர்தான் டாமி பிளவர்ஸ்.

கொத்தனார் மகன்

லண்டன் நகரின் கிழக்கே பாப்லர் என்ற இடம். உழைப்பாளிகள் வாழும் பகுதி. அங்கே 1905-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி பிளவர்ஸ் பிறந்தார். தந்தை ஒரு கொத்தனார்.

பிளவர்ஸ் உல்விச் ஆயுதத் தொழிற்சாலையில் சேர்ந்து தொழில் பழகினார். பகலில் வேலை, மாலையில் படிப்பு. இப்படியே படித்து, லண்டன் பல்கலைக்கழகத்தில் மின்சாரப் பொறியியல் பட்டம் பெற்றார்.

1926-ல் தபால் இலாகாவில் வேலை கிடைத்தது. அந்நாளில் பிரிட்டனில் டெலிபோனும் தபால் இலாகாவின் கையில்தான் இருந்தது. 1930-ல் டாலிஸ் ஹில் என்ற இடத்தில் இருந்த அதன் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார்.

கோளாறு எங்கே?

டெலிபோன் இணைப்புகளை அப்போது இரும்புச் சுவிட்சுகள் கொடுத்தன. அவை டக்டக்கென்று ஒட்டும், விலகும். வேகம் குறைவு, தேய்மானம் அதிகம்.

அதற்குப் பதிலாக வால்வுகளை வைக்கலாம் என்று பிளவர்ஸ் நினைத்தார். பழைய ரேடியோப் பெட்டிக்குள் கண்ணாடிக் குப்பிபோல் மின்னுமே, அதுதான் வால்வு. அதில் அசையும் பாகம் இல்லை. வேகமோ மிக அதிகம்.

ஆனால், வால்வு அடிக்கடி கெட்டுவிடும் என்று நிபுணர்கள் பயந்தார்கள். நாலைந்து வால்வுகள் உள்ள ரேடியோவே பழுதாகிறது. ஆயிரம் வால்வுகளைச் சேர்த்தால் நாள்தோறும் ஒன்று கெடாதா? ஒன்று கெட்டால் எந்திரமே நின்றுவிடாதா?

பிளவர்ஸ் வேறு விதமாக யோசித்தார். வால்வு கெடுகிறது, சரி. எப்போது கெடுகிறது?

ரேடியோவைத் தினமும் போடுகிறோம், அணைக்கிறோம். உள்ளே இருக்கும் கம்பி குளிர்ந்திருக்கும்போது மின்சாரம் திடீரென்று அதிகமாகப் பாய்கிறது. கம்பி சட்டென்று சூடேறி விரிகிறது. அணைத்தால் சுருங்குகிறது. இந்த அதிர்ச்சிதான் வால்வைக் கெடுக்கிறது. அணைக்காமலே வைத்திருந்தால் அது நீண்ட காலம் உழைக்கும்! டெலிபோன் வேலையில் கிடைத்த அனுபவம் இதை அவருக்குக் காட்டியது.

ரகசிய மாளிகை

1939-ல் போர் மூண்டது. ஜெர்மன் ராணுவத் தலைமை, லோரன்ஸ் என்ற எந்திரத்தால் செய்திகளைப் பூட்டி அனுப்பியது. அதைத் திறக்க பிளெச்லி பார்க் என்ற மாளிகையில் பிரிட்டிஷ் கணித மேதைகள் இரவு பகலாக உழைத்தார்கள்.

1943-ல் அங்கே ஓர் எந்திரம் வந்தது. ஓட்டை போட்ட 2 காகித நாடாக்கள் அதில் ஒன்றாக ஓட வேண்டும். நாடா இழுபடும், அறுந்துபோகும். இரண்டும் சேர்ந்து ஓடுவதே பெரும்பாடு.

பிளவர்ஸிடம் உதவி கேட்டார்கள். அவர் ஒரு வழி சொன்னார். ஒரு நாடாவே வேண்டாம். அதன் வேலையை வால்வுகள் செய்யட்டும் என்றார். அதற்குச் சுமார் 1,600 வால்வுகள் தேவை!

கேட்டவர்கள் நம்பவில்லை. இவ்வளவு வால்வுகள் ஒன்றாக வேலை செய்யாது என்று கருதினார்கள்.

பிளவர்ஸ் சோர்ந்து போகவில்லை. டாலிஸ் ஹில்லுக்குத் திரும்பினார். அங்கே அவருடைய மேலதிகாரி ஆதரவு கொடுத்தார். பிளவர்ஸும் தோழர்களும் ராப்பகலாக உழைத்தார்கள். தம் சொந்தப் பணத்தையும் பிளவர்ஸ் செலவிட்டார். 11 மாதத்தில் எந்திரம் தயார்! அதன் பெயர் கொலாசஸ்.

1944 பிப்ரவரி 5-ந் தேதி அது முதல் செய்தியில் வேலையைத் தொடங்கியது. நாடாவில் நொடிக்கு 5,000 எழுத்துகளைப் படித்தது. எந்திரம் அணைக்கப்படவில்லை. வால்வுகளும் கைவிடவில்லை!

இன்னும் வேண்டும் என்று கேட்டார்கள். 2,400 வால்வுகள் கொண்ட அடுத்த எந்திரம் ஜூன் 1-ந் தேதி ஓடத் தொடங்கியது. ஜூன் 6-ந் தேதி நேச நாட்டுப் படைகள் பிரான்சில் இறங்கின. போர் முடிந்தபோது 10 கொலாசஸ் எந்திரங்கள் இருந்தன.

நெருப்பில் போன உழைப்பு

போர் முடிந்ததும் எல்லாவற்றையும் ரகசியமாக வைக்க உத்தரவு வந்தது. 8 எந்திரங்கள் பிரிக்கப்பட்டன. பிளவர்ஸ் தம் வரைபடங்களைத் தம் கையாலேயே அடுப்பில் போட்டு எரித்தார்.

சர்க்கார் 1,000 பவுன் பரிசு கொடுத்தது. அவர் செலவிட்டதற்கே அது காணவில்லை. அதையும் தோழர்களோடு பங்கிட்டுக்கொண்டார்.

பிறகு அதைப் போன்ற எந்திரம் செய்ய ஒரு பாங்கியில் கடன் கேட்டார். இப்படி ஓர் எந்திரம் ஓடாது என்று சொல்லிக் கடன் மறுத்துவிட்டார்கள். ஏற்கெனவே ஓடியது என்று அவரால் சொல்ல முடியவில்லை. வாய் ரகசியத்தால் கட்டப்பட்டிருந்தது!

1970-களில்தான் ரகசியம் மெல்ல வெளிவந்தது. 1977-ல் நியூகாசில் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

1993-ல் அவருக்கு வயது 87. ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பயிற்சியில் சேர்ந்து, தொடக்கப் பாடம் படித்து, சான்றிதழ் வாங்கினார். கம்ப்யூட்டர் உலகுக்கு வழி போட்டவர், மாணவராக உட்கார்ந்து படித்தார்! 1998 அக்டோபர் 28-ந் தேதி, 92-ம் வயதில் காலமானார்.

இன்றைய கம்ப்யூட்டரில் அந்த வால்வுகள் இல்லை. அதைத் தாராளமாக அணைத்து வைக்கலாம். ஆனால், பழுது பார்க்கும் வழி மாறவில்லை. எந்தப் பாகம் கெட்டது என்று மட்டும் பார்த்தால் போதாது. மின்சாரம் போட்டதுமா, சூடேறிய பிறகா, எப்போது கெட்டது என்றும் பார்க்க வேண்டும். கொத்தனார் மகன் கண்ட வழி அதுதான்.