டக் ஹார்வி: பனிக்கள வீரரின் சரித்திரம்

ஹாக்கி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர்களின் மனக்கண் முன்னே புல்தரையும், வளைந்த மட்டையும், வெண்ணிறப் பந்துமே தோன்றும். கனடா தேசத்தாருக்கோ அச்சொல் வேறோர் ஆட்டத்தைக் குறிக்கும். எஃகு விளிம்பு பொருத்திய காலணிகளை அணிந்து, உறைந்த பனிக்கட்டித் தளத்தின்மீது வழுக்கி ஓடி, கறுத்த ரப்பர் வட்டொன்றை எதிரியின் வலைக்குள் செலுத்துவதே அவர்தம் ஹாக்கி. களத்தில் ஒரு கோஷ்டிக்கு அறுவர் நிற்பர். அவருள் இருவர் தங்கள் வலையைக் காக்கும் பின்காவலர். இப்பின்காவலருள் தலைசிறந்தவரென ஒரு தலைமுறையினர் ஒருமுகமாகக் கொண்டாடிய டக்ளஸ் ஹார்வி என்பாரின் வரலாற்றை இங்கு எழுதப் புகுகின்றோம். நண்பர்கள் அவரை டக் என்றே அழைத்தனர்.

அவர் புகழின் சிகரத்தில் நின்ற காலத்தைப் பற்றி எழுதியோர் பலர். எமது உள்ளத்தைக் கவர்ந்ததோ அதன் பின்வந்த காலம். பெரிய லீக்கில் பெறக்கூடிய பரிசுகள் யாவும் பெற்ற ஒருவர், நாற்பது வயதை எட்டியும் தாண்டியும், இரண்டாந்தரக் கோஷ்டிகளில் தம் வயதிற் பாதியே உடைய இளைஞருடன் ஊர் ஊராய்ச் சென்று ஆடிக்கொண்டிருந்தார். ஏன் ஆடினார் என்னும் கேள்வியே இவ்வரலாற்றை எழுத எம்மைத் தூண்டியது.

ஹார்வி 1924-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 19-ஆம் தேதி மாண்ட்ரியல் நகரில் பிறந்தார். அந்நகரின் நோத்ர் டாம் த கிராஸ் என்னும் பகுதியே அவர் வளர்ந்த இடம். இளமையில் அவருக்கு வாராத விளையாட்டு இல்லை. கால்பந்திலும் வல்லவர், அமெரிக்கர் ஆடும் பேஸ்பாலிலோ ஒட்டாவா நகரக் கோஷ்டியில் சேர்ந்து, 1949-இல் தம் லீக்கின் பந்தடிப்போருள் முதலிடம் பெற்றார். இரண்டாம் உலக யுத்தத்தில் கனடாவின் கப்பற்படையிற் பணிபுரிந்து திரும்பிய பின், 1947-இல் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் கோஷ்டியில் இடம்பெற்றார். தேசிய ஹாக்கி லீக் எனப்படும் பெரிய லீக்கில் அக்காலத்திற் கோஷ்டிகள் ஆறே இருந்தன. எனவே ஒவ்வோர் இடமும் அரிது. ஓர் இடத்தை இழந்தவன் மற்றோர் இடத்தைத் தேடிப் பிடிப்பது அதனினும் அரிது. வாசகர் இதனை நினைவிற் கொள்வாராக. பின்னர் நேர்ந்தவை பலவற்றிற்கும் இதுவே விளக்கம்.

தொடக்கத்தில் மாண்ட்ரியல் ஜனங்கள் அவரை இகழ்ந்து கூச்சலிட்டனர் என்றால் இன்று நம்புதல் அரிது. அவர் சோம்பேறி போற் காணப்பட்டதே காரணம். தம் வலைக்கு முன்னே, எதிரிகள் பாய்ந்து வருகையில், வட்டை மட்டையின் நுனியில் வைத்துக்கொண்டு, தெருவில் உலாவுபவர்போல் மெல்ல நகர்வார். காண்போர் நெஞ்சு பதறும். எதிரி இருவரும் மூவரும் அவரை நெருங்கி வந்தபின்பே, அவர்கள் விட்டுவந்த வெற்றிடத்தில் ஓடும் தம் கோஷ்டியானை நோக்கி வட்டைத் தள்ளிவிடுவார். நெருங்கியவர் யாவரும் ஒரு நொடியில் பயனற்றுப் பின்தங்குவர். அதுகாறும் பின்காவலரின் தொழில் தடுப்பதும் மோதித் தள்ளுவதுமே. ஆட்டம் விரையவேண்டுமா, தணியவேண்டுமா என்பதைப் பின்னின்றே ஒருவர் தீர்மானிக்கலாம் என்பதை அவர் காட்டினார். ஓட்டத்தில் அவரினும் விரைந்தவர் பலர் இருந்தனர். வேகத்தை நம்பாத ஆட்டமாதலின் அது வயதினால் எளிதில் தேயவில்லை என்பது எமது கருத்து.

கனேடியன்ஸ் கோஷ்டி 1953-இலும், பிறகு 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகளும் ஸ்டான்லி கோப்பையை வென்றது. இவ்வாறு வெற்றிகளிலும் ஹார்விக்குப் பங்குண்டு. எதிரியொருவன் தண்டனை பெற்று வெளியே அமரும் இரண்டு நிமிஷங்களுக்குள் மாண்ட்ரியல் கோஷ்டி இரண்டு மூன்று கோல்களைக் கூடப் போட்டுவிடும். இதனைத் தாங்கமாட்டாத லீக் நிர்வாகிகள், ஒரு கோல் விழுந்தவுடன் தண்டனை பெற்றவன் களத்துக்குத் திரும்பலாம் என்று 1956-இல் விதியையே மாற்றினர். மாரிஸ் ரிச்சர்டு, ஜான் பெலிவோ முதலியோர் முன்னே நின்று அடித்த அந்த ஆட்டத்தைப் பின்னின்று நடத்தியவர்களுள் முதல்வர் ஹார்வியே. சிறந்த பின்காவலருக்கென ஏற்பட்ட நாரிஸ் கோப்பையை அவர் ஏழு முறை பெற்றார். பிற்காலத்தில் பாபி ஓர் ஒருவரே அதனை மிஞ்சி எட்டு முறை பெற்றார். நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் ஏழினைச் சமன் செய்தார்.

குறைகளையும் மறைத்தல் தகாது. 1954-இல் கோப்பைக்கான கடைசி ஆட்டம் சமநிலையில் முடிந்து மேலதிக நேரத்துக்கு நீண்டபோது, டெட்ராய்ட் கோஷ்டியின் டோனி லெஸ்விக் அடித்த வட்டைக் கையால் தடுக்க ஹார்வி முயன்றார். அது அவர் கையுறையிற் பட்டுத் திசைமாறித் தம் வலைக்குள்ளேயே விழுந்தது. கோப்பை டெட்ராய்டுக்குப் போயிற்று. இது விதியின் செயல். பிறிதொன்றை அவ்வாறு சொல்லிவிட முடியாது. நியூயார்க் ரேஞ்சர்ஸ் கோஷ்டியின் ரெட் சல்லிவன் என்பவரை அவர் மட்டை நுனியாற் குத்தியதில், அவரது மண்ணீரல் கிழிந்து, உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. பிழைத்தெழுந்த அதே சல்லிவன் சில ஆண்டுகளுக்குப் பின் ரேஞ்சர்ஸ் கோஷ்டியின் பயிற்சியாளராக வந்தபோது, அவரிடம் கட்டளை பெறும் ஆட்டக்காரராக ஹார்வி நிற்க நேர்ந்தது. கதையில் எழுதினால் மிகையென்பர்.

அவர் மாண்ட்ரியலை விட்டு நீங்கிய காரணத்தைச் சொல்லுமுன் 1957-ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். ஆட்டக்காரர் ஓய்வூதிய நிதிக்குத் தம் சம்பளத்திலிருந்து பணம் கட்டிவந்தனர். அந்நிதியின் கணக்கைக் காட்டுமாறு அவர்தம் பிரதிநிதிகள் கேட்டபொழுது முதலாளிகள் காட்ட மறுத்தனர். டெட்ராய்ட் கோஷ்டியின் டெட் லிண்ட்சேயும் ஹார்வியும் முன்னின்று, அவ்வாண்டு பிப்ரவரியில் ஆட்டக்காரர் சங்கம் ஒன்றை அறிவித்தனர். லிண்ட்சே தலைவர், ஹார்வி உபதலைவர். அக்கால வீரர் இருவரும் தம் தொழிலில் உச்சியில் இருந்தவர். தமக்கென அவர்கள் கேட்கவேண்டியது அதிகம் இல்லை. லிண்ட்சேயை அதே ஆண்டு கடைநிலையில் இருந்த சிகாகோ கோஷ்டிக்கு விற்றுவிட்டனர். அவருடன் சேர்த்துத் தள்ளப்பட்ட இளங்கோல்காப்பாளர் கிளென் ஹால் என்பவரை மறுபடியும் சந்திப்போம். 1958-இல் குறைந்தபட்சச் சம்பளம் 7,000 டாலர் என்பது முதலிய சில சலுகைகளோடு சங்கம் கலைந்துபோயிற்று.

ஹார்வியை உடனே விற்க முடியவில்லை. அவர் அத்துணை இன்றியமையாதவர். 1960-இல் ரிச்சர்டு ஓய்வுபெற்றபின் கோஷ்டித் தலைமையும் அவருக்கே வந்தது. ஆனால் 1961-இல், சிறந்த பின்காவலர் என்னும் பட்டத்தை மறுபடியும் பெற்ற அதே ஆண்டில், லூ ஃபாண்டினாட்டோ என்பாருக்கு மாற்றாக அவரை நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டனர். வயது 36 ஆகிவிட்டதென்பது ஒரு காரணம். சங்கத்துக்காகத் தம்மைத் தண்டித்தனர் என்றே ஹார்வி இறுதிவரை நம்பினார். இரண்டும் கலந்திருக்கலாம் என்று எமக்குத் தோன்றுகிறது.

நியூயார்க்கில் அவர் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இரட்டைப் பணி ஏற்றார். மூன்று ஆண்டுகளாக இறுதிச் சுற்றினைக் காணாத அக்கோஷ்டியை முதலாண்டிலேயே அங்குக் கொண்டுசேர்த்து, ஏழாவது நாரிஸ் கோப்பையையும் பெற்றார். உடனே பயிற்சியாளர் பதவியைத் துறந்துவிட்டார். ஆட்டம் முடிந்தபின் தோழரோடு ஒன்றாய் உட்கார முடியவில்லை. அதிகாரியாய்த் தனித்திருக்க அவருக்கு மனமில்லை. பதவி உயர்வை உயர்வென எண்ணாத ஒரு சிலருள் அவரும் ஒருவர். பயிற்சியாளராக அவர் நிலைத்திருந்தால் முதுமை கௌரவமாகக் கழிந்திருக்கலாம். அவர் விரும்பியது அதுவன்று.

1963-இன் இறுதியில் ரேஞ்சர்ஸ் அவரைக் கைவிட்டனர். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 39. அதன்பின் தொடங்கியது சிறிய லீக்குகளின் காலம். செயின்ட் பாலில் சின்னாட்கள். பின் கியூபெக் ஏசஸ். பின் பால்டிமோர் கிளிப்பர்ஸ். பின் பிட்ஸ்பர்க் ஹார்னெட்ஸ். இக்கோஷ்டிகளில் ஆடுவோர் இருவகையினர். மேலே ஏறுவோம் என்று காத்திருக்கும் இளைஞர் ஒரு வகை. கீழிறங்கி வந்த முதியோர் மற்றொரு வகை. இளைஞனுக்கு நீண்ட பிரயாணமும் குளிர்ந்த விடுதியும் நாளைய கதைக்குப் பொருள். முதியவனுக்கோ அவை முழங்கால் வலி. பெரிய நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரிக்கக் கேட்ட செவிகள், பாதி வெறுமையான கூடத்தில் ஒருவனது தனிக்குரலைக் கேட்கப் பழகவேண்டும். ஹார்வி பழகிக்கொண்டார். தம்மினும் இருபது வயது இளையவனுக்கு எங்கு நிற்கவேண்டும், எப்பொழுது வட்டை விடவேண்டும் என்று சொல்லித்தருவதைத் தாழ்வாகக் கொண்டாரில்லை. 1966-67-இல் டெட்ராய்ட் கோஷ்டி பெரிய லீக்கில் ஆட இரண்டே ஆட்டங்களுக்கு அவரை அழைத்து, திருப்பி அனுப்பிவிட்டது. அதே பருவத்தில் அவர் இருந்த பிட்ஸ்பர்க் கோஷ்டி அமெரிக்க லீக்கின் கால்டர் கோப்பையை வென்றது.

பணத்துக்காகவே ஆடினார் என்பர் சிலர். மனைவி மக்களைக் காக்கும் கடமை இருந்தது உண்மையே. குடிப்பழக்கமும் மனநோயும் அவரை அலைக்கழித்தன என்பதும் உண்மை. மாறி மாறி எழுச்சியும் சோர்வும் தரும் நோய் அது என்று பின்னாளில் மருத்துவர் கண்டறிந்தனர். நம் கல்லூரிப் பத்திரிகையில் மதுவைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர்; இம்மனிதரை உதாரணமாக்கி மற்றொரு பிரசங்கம் செய்ய எமக்கு விருப்பமில்லை. நோயுற்ற மனத்துக்குப் பனிக்களம் ஒன்றே தன் வழியை அறிந்த இடமாய் இருந்திருக்கலாம்.

1967-இல் லீக்கின் கோஷ்டிகள் ஆறிலிருந்து பன்னிரண்டாகப் பெருகின. ஒரே ஆண்டில் இடங்கள் இரட்டித்தமையால், முடிந்தது என்று கருதப்பட்ட முதியோர் பலருக்கு மறுபிறப்புக் கிட்டியது. செயின்ட் லூயிஸ் புளூஸ் என்னும் புதிய கோஷ்டி தன் கிளையான கான்சஸ் நகரக் கோஷ்டிக்கு ஹார்வியை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் அமர்த்தியது. 1968-இன் இறுதிச் சுற்றில், பிலடெல்பியாவோடு நடந்த தொடரின்போது, பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் அவரை மேலே அழைத்தார். அப்போது அவருக்கு வயது 43. அங்கே வலையைக் காத்து நின்றவர் யாரெனில், முன்னே சிகாகோவுக்குத் தள்ளப்பட்ட கிளென் ஹால். ஓய்விலிருந்து மீண்டுவந்த பழைய மாண்ட்ரியல் தோழர் டிக்கி மூரும் உடனிருந்தார்.

செயின்ட் லூயிஸ் கோஷ்டி பிலடெல்பியாவை வென்று, மினசோட்டாவை வென்று, கோப்பைக்கான தொடரை எட்டியது. எதிரே நின்றது மாண்ட்ரியல் கனேடியன்ஸ். ஹார்வியோடு ஐந்து கோப்பைகளைத் தூக்கிய பெலிவோவும் ஹென்றி ரிச்சர்டும் இன்னும் அக்கோஷ்டியில் இருந்தனர். அவ்வைந்துக்கும் பயிற்சியளித்த டோ பிளேக் தம் கடைசி ஆண்டுப் பணியில் அவர்கள் பின்னே நின்றார். மாண்ட்ரியல் நான்கு ஆட்டங்களையும் வென்றது. ஆனால் நான்கிலும் வித்தியாசம் ஒரே கோல். இரண்டு ஆட்டங்கள் மேலதிக நேரத்திலேயே முடிந்தன. ஏளனத்தை எதிர்பார்த்துச் சென்ற புதிய கோஷ்டிக்கு இது தோல்வியாகத் தோன்றவில்லை.

மறு பருவத்தில் ஹார்வி முழு ஆட்டக்காரராகவே சேர்ந்து 70 ஆட்டங்கள் ஆடினார். வயது 44. பின்னே வலையில் ஹாலும், நாற்பதைத் தொட்ட ஜாக் பிளாண்டும் மாறி மாறி நின்றனர். குறைந்த கோல் விட்டமைக்கான வெசினா கோப்பையை அவ்விருவரும் பகிர்ந்துகொண்டனர். அவர்கள் முன்னே நின்ற பின்காவலருக்குத் தனிப் பரிசு ஏதும் இல்லை. 1969-இல் ஹார்வி விலகினார். பெரிய லீக்கில் அவர் ஆடியவை 1,113 ஆட்டங்கள். அடித்தவை 88 கோல்கள். பிறர் அடிக்க உதவியவை 452. இவ்விரண்டாம் எண்ணே அவரது இயல்பைக் காட்டுவது.

1973-இல் புகழாளர் மண்டபத்தில் அவரைச் சேர்த்தனர். முந்திய ஆண்டே சேர்த்திருக்க வேண்டுமென்றும், குடியைக் காரணமாக்கி ஒதுக்கினர் என்றும் மனம் கசந்திருந்த அவர், விழாவுக்குச் செல்லாமல் மீன்பிடிக்கப் போய்விட்டார். அதே காலத்தில் போட்டி லீக்கைச் சேர்ந்த ஹூஸ்டன் கோஷ்டியிற் பணியாற்றிக்கொண்டு, கோர்டி ஹோவின் இரு புதல்வரையும் அங்குச் சேர்க்குமாறு தூண்டினார். மக்களோடு ஆடவேண்டுமென்று 45 வயதுத் தந்தையும் ஓய்விலிருந்து எழுந்து வந்து சேர்ந்தார்.

பிற்காலத்தில் ஹார்வி ஒட்டாவாவுக்கு அருகே, ஐல்மரிலிருந்த குதிரைப் பந்தயத் திடலில் வேலைபார்த்து, அங்கேயே ஒரு பழைய புகைவண்டிப் பெட்டியில் வசித்தார். பிரதமராயிருந்த ஜான் டீஃபன்பேக்கர் ஒருகாலத்தில் தேர்தல் யாத்திரைக்குப் பயன்படுத்திய பெட்டி அது. 1985-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் தேதி கனேடியன்ஸ் கோஷ்டியார் அவரை அழைத்து, அவர் அணிந்த இரண்டாம் எண்ணை இனி எவருக்கும் அளிப்பதில்லை என்று அறிவித்தனர். புதிய ஆட்டக்காரரைத் தேடும் வேலையும் தந்தனர். இம்முறை அவர் விழாவுக்கு வந்தார்.

65 வயது நிறைந்து ஒரு வாரம் ஆனபின், 1989 டிசம்பர் 26-இல், கல்லீரல் நோயால் மாண்ட்ரியலிற் காலமானார். அவர் பிறந்து வளர்ந்த நோத்ர் டாம் த கிராஸ் பகுதியிலுள்ள பொதுப் பனிக்கட்டிக் கூடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பகுதிச் சிறுவர் ஆடிப்பழகும் கூடம் அது.