சிறப்பு அனுமதி பெற்று மருத்துவம் பார்த்த துறவி: குண்டூர் மருத்துவமனையை வளர்த்தெடுத்த மேரி குளோரி

குண்டூர்: கத்தோலிக்கத் துறவியர் மருத்துவத் தொழில் புரிவதற்குத் திருச்சபைச் சட்டமே தடையாக இருந்த காலத்தில், ரோமின் சிறப்பு அனுமதியுடன் ஆந்திராவின் குண்டூரில் சிகிச்சைப் பணியைத் தொடங்கியவர் ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி. பல ஆண்டுகள் தனி ஒருவராக நோயாளிகளைக் கவனித்த அவர், ஒரு மருத்துவரால் மட்டும் முடியாதவை எவை என்பதை உணர்ந்து, கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கான தேசிய அமைப்பு ஒன்றுக்கு 1943ஆம் ஆண்டு வித்திட்டார். 1957ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி பெங்களூருவில் காலமான அவரது பணியின் தடங்கள் இன்றும் நாட்டின் பல மாநிலங்களில் காணப்படுகின்றன.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் உள்ள பிர்ரெகுர்ரா என்ற சிற்றூரில் 1887ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி மேரி குளோரி பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் அவர் மூன்றாமவர். பின்னர் அக்குடும்பம் அதே மாகாணத்தின் வறண்ட நிலப்பகுதியில் அமைந்த வாட்செம் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது.

கல்வி உதவித்தொகை பெற்று மெல்போர்ன் நகரில் பள்ளிப் படிப்பைத் தொடர்ந்த மேரி, மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் முதலில் கலைப் பாடங்களில் சேர்ந்தார். அதன் பின்னரே மருத்துவத்துக்கு மாறினார். பெண் மருத்துவர்கள் அரிதாக இருந்த அக்காலத்தில், 1910ஆம் ஆண்டு அவர் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற பெண்களுக்கு மருத்துவமனைகளில் பயிற்சி இடம் கிடைப்பது அப்போது எளிதாக இல்லை. மேரி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்குச் சென்று பயிற்சி பெற்றுத் திரும்பினார். அதன்பின் மெல்போர்னில் கண், காது சிகிச்சைக்கான மருத்துவமனையிலும், பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விக்டோரியா மகாராணி மருத்துவமனையிலும் பணியாற்றினார். நகரின் புகழ்பெற்ற மருத்துவர்கள் பலர் தொழில் நடத்திய காலின்ஸ் தெருவில் சொந்தமாகவும் மருத்துவம் பார்த்தார்.

திசை மாற்றிய சிறு நூல்

முதல் உலகப் போர் நடைபெற்றுக் கொண்டிருந்த 1915ஆம் ஆண்டு, மேரியின் கைக்கு ஒரு சிறு நூல் கிடைத்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரனின் வாழ்க்கையை அது விவரித்தது. பெண்களுக்கு மருத்துவக் கல்வி மறுக்கப்பட்ட காலத்தில் பிரான்சின் மான்ட்பெல்லியர் நகருக்குச் சென்று 1878ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றவர் மெக்லாரன். முதிய வயதில் இந்தியாவின் மீது அக்கறை கொண்ட அவர், அன்றைய இந்தியாவின் ராவல்பிண்டியில் பெண்களுக்கான மருத்துவமனை அமைவதற்குக் காரணமாக இருந்தார். 1913ஆம் ஆண்டு அவர் காலமானார்.

இந்தியாவில் பல குடும்பங்களின் பெண்கள் ஆண் மருத்துவரிடம் தங்களைக் காட்டிக்கொள்ள முன்வராததை மெக்லாரன் சுட்டிக்காட்டி வந்தார். பிரசவத்தின்போது தாய்க்கு ஆபத்து நேரிட்டாலும் மருத்துவர் உள்ளே செல்ல இயலாத நிலை இருந்தது. பெண் மருத்துவர்களே இதற்குத் தீர்வு என்பதும், வாழ்நாள் முழுவதையும் பணிக்கு அளிக்கும் துறவியரே மருத்துவர்களானால் அப்பணி இடையில் முறியாது என்பதும் அவரது வாதம்.

இந்த வாதத்துக்குத் திருச்சபையின் விதியே தடையாக நின்றது. 1917ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்டத்தின்படி, குருக்களும் துறவியரும் ரோமின் சிறப்பு அனுமதியின்றி மருத்துவத் தொழில் புரிய முடியாது. குறிப்பாக, பிரசவ அறைப் பணி துறவற வாழ்வுக்குப் பொருந்தாது என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருந்தது. இவ்விதியைத் தளர்த்துமாறு மெக்லாரன் பலமுறை ரோமுக்குச் சென்று முறையிட்டும், அவரது வாழ்நாளில் பலன் கிட்டவில்லை.

அந்நூலைப் படித்த மேரி, இந்தியாவில் மருத்துவப் பணி ஆற்றுவதே தமது வாழ்வின் கடமை என முடிவு செய்தார். ஆயினும் உடனே புறப்படவில்லை. போர்க்காலம் என்பதால் பயணம் எளிதாக இல்லை. தேவையான மேற்படிப்பும் எஞ்சியிருந்தது. 1916ஆம் ஆண்டு மெல்போர்னில் உருவான கத்தோலிக்க மகளிர் சமூக அமைப்பின் முதல் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதனிடையே மகப்பேறு, பெண்கள் நலம், கண் மருத்துவம் ஆகிய துறைகளில் கவனம் செலுத்திப் பயின்று, 1919ஆம் ஆண்டு எம்.டி. பட்டம் பெற்றார். தாம் செல்லவிருக்கும் நாட்டின் தேவையை எண்ணியே அவர் இத்துறைகளைத் தேர்ந்தார்.

குண்டூர் வருகை

1920ஆம் ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் புறப்பட்ட மேரி, பிப்ரவரியில் குண்டூரை வந்தடைந்தார். அப்போது அவருக்கு வயது 32. அதன்பின் அவர் தாயகம் திரும்பவே இல்லை.

குண்டூர் அந்நாளில் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. நெதர்லாந்தில் 1822ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இயேசு, மரியா, ஜோசப் துறவற சபையின் அருட்சகோதரிகள் அங்கு ஏற்கெனவே பணியாற்றி வந்தனர். மேரி அச்சபையில் இணைந்து, திரு இருதய மரியா என்ற துறவறப் பெயரை ஏற்றார். துறவறப் பயிற்சியுடன் மருத்துவராகவும் செயல்பட அவருக்குத் திருத்தந்தை 15ஆம் பெனடிக்டின் அனுமதி கிடைத்தது. மருத்துவராகப் பணியாற்ற இவ்வாறு அனுமதி பெற்ற முதல் கத்தோலிக்க அருட்சகோதரியாக அவர் கருதப்படுகிறார்.

பெண்களுக்கான மருத்துவப் பணி குண்டூருக்குப் புதிதன்று. அமெரிக்க லூத்தரன் சபையைச் சேர்ந்த மருத்துவர் அன்னா குக்லர் 1883ஆம் ஆண்டே அங்கு வந்து, 1898ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவமனையைத் திறந்திருந்தார். தமிழகத்தின் வேலூரில் ஐடா ஸ்கடர் 1918ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். புராட்டஸ்டன்ட் சபைகள் பெண் மருத்துவர்களை அனுப்பத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கடந்த நிலையில், கத்தோலிக்கத் துறவற சபைகள் மட்டும் விதியின் காரணமாகப் பின்தங்கியிருந்தன. இந்த இடைவெளியை நிரப்பும் முதல் முயற்சியாக மேரியின் வருகை அமைந்தது.

மருந்தகத்திலிருந்து மருத்துவமனை

அருட்சகோதரிகள் நடத்திய சிறு மருந்தகமே மேரியின் பணிக்களமாக இருந்தது. பெண் மருத்துவர் ஒருவர் வந்திருக்கும் செய்தி பரவியதும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்களும் குழந்தைகளும் வரத் தொடங்கினர். காலப்போக்கில் அம்மருந்தகம் புனித ஜோசப் மருத்துவமனையாக வளர்ந்தது.

பணம் இல்லாதவர் என்பதற்காக எவரும் திருப்பி அனுப்பப்படக் கூடாது என்பதும், சாதி, மதம் பாராமல் அனைவருக்கும் சிகிச்சை அளிக்கப்பட வேண்டும் என்பதும் அப்பணியின் அடிப்படை. மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடிக் கிராமங்களுக்கும் வீடுகளுக்கும் செல்வதும் அவரது வழக்கமாக இருந்தது. அவரது பணிக்காலத்தில் சிகிச்சை பெற்றவர்களின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் மதிப்பிடப்படுகிறது.

ஆனால், நீண்ட காலம் அங்கு மருத்துவர் என்று இருந்தவர் அவர் ஒருவரே. அறுவை சிகிச்சைக்குச் சென்றால் புறநோயாளிகள் காத்திருக்க வேண்டும். கிராமத்துக்குச் சென்றால் மருத்துவமனை மருத்துவரின்றி இருக்கும். அவருக்கே உடல்நலம் குன்றினால் மாற்று ஏற்பாடு இல்லை. தாம் பெற்ற சிறப்பு அனுமதி தம்மோடு முடிந்துவிடுமானால், மெக்லாரன் எண்ணியவாறு பணி முறியாமல் தொடராது என்பதை அவர் அனுபவத்தில் அறிந்தார்.

எனவே உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளிப்பதில் அவர் முனைந்தார். செவிலியர், மகப்பேறு உதவியாளர், மருந்து கலந்து தரும் கம்பவுண்டர் ஆகிய பணிகளில் பெண்களைப் பழக்கினார். ஒரு மருத்துவரின் கைகளால் சென்றடைய முடியாத வீடுகளை இப்பெண்கள் சென்றடைய முடியும் என்று அவர் கருதினார்.

தளர்ந்த விதி

மேரி குண்டூரில் பணியாற்றிய அதே காலத்தில், மெக்லாரனின் எண்ணத்தை மற்றொருவரும் முன்னெடுத்துச் சென்றார். மெக்லாரனுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்த ஆஸ்திரியப் பெண் அன்னா டெங்கல், மருத்துவம் பயின்று ராவல்பிண்டி மருத்துவமனையில் பணியாற்றினார். அவர் 1925ஆம் ஆண்டு அமெரிக்காவில் மருத்துவப் பணிக்கெனத் தனி அமைப்பைத் தொடங்கினார். எனினும் விதி மாறாததால், அதன் உறுப்பினர்கள் முறையான துறவற வார்த்தைப்பாடு எடுக்க இயலவில்லை.

1936ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரோம் வெளியிட்ட அறிவுறுத்தல் இந்நிலையை மாற்றியது. பிரசவம் உள்ளிட்ட மருத்துவப் பணிகளில் அருட்சகோதரிகள் ஈடுபடுவதற்கு அது வழி திறந்தது. மருத்துவராகவும் செவிலியராகவும் தகுதி பெற அவர்களை ஊக்குவித்தது. மேரி குண்டூருக்கு வந்து 16 ஆண்டுகள் கழிந்த நிலையில், அவருக்கு விலக்காக வழங்கப்பட்ட உரிமை பிற துறவியருக்கும் உரியதாயிற்று.

16 அருட்சகோதரிகளின் கூட்டம்

விதி தளர்ந்ததால் மட்டும் பணி பெருகிவிடவில்லை. நாடெங்கும் கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்திய மருத்துவமனைகளும் மருந்தகங்களும் ஒன்றையொன்று அறியாமல் இயங்கின. மருந்து கொள்முதல், செவிலியர் பயிற்சி, அரசுடனான தொடர்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே போராட வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போர் நீடித்த 1943ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி, மேரியின் தலைமையில் 16 அருட்சகோதரிகள் குண்டூரில் கூடி, இந்திய கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தை நிறுவினர். அதே ஆண்டில்தான், நாட்டின் சுகாதார நிலையை ஆராய சர் ஜோசப் போர் தலைமையிலான குழுவை பிரிட்டிஷ் இந்திய அரசு அமைத்தது. 1946ஆம் ஆண்டு வெளியான அக்குழுவின் அறிக்கை, சுதந்திர இந்தியாவின் பொது சுகாதாரக் கட்டமைப்புக்கு அடித்தளமாக அமைந்தது.

சங்கம் தொடங்கியபோதே மேரிக்கு மற்றொரு நோக்கமும் இருந்தது. கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று இந்தியாவில் அமைய வேண்டும் என்பதே அது. மருத்துவத் திறனுடன், கருவில் தொடங்கி இயற்கையான முடிவு வரை மனித உயிரைக் காக்க வேண்டும் என்ற திருச்சபையின் அறநெறியும் அங்கு கற்பிக்கப்பட வேண்டும் என அவர் விரும்பினார். வெளிநாட்டிலிருந்து வரும் மருத்துவர்களை நம்பியிராமல், இந்தியப் பெண்களும் துறவியரும் இந்நாட்டிலேயே பயின்று பணியாற்றும் நிலை வேண்டும் என்பதும் அதனுள் அடங்கியிருந்தது.

அவ்விருப்பம் நிறைவேறுவதைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. இறுதிக் காலத்தில் புற்றுநோயால் பெரிதும் துன்புற்ற அவர், தமது 69ஆம் வயதில் பெங்களூருவில் உயிர் நீத்தார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1963ஆம் ஆண்டு, அதே பெங்களூருவில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையின் பொறுப்பில் புனித ஜான் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அருட்சகோதரிகளுக்கு இடம் அளித்துவரும் அக்கல்லூரி, படிப்பை முடிப்பவர்கள் மருத்துவ வசதி குறைந்த பகுதிகளில் குறிப்பிட்ட காலம் பணியாற்றும் ஏற்பாட்டையும் கொண்டுள்ளது.

இன்றைய நிலை

மேரி தொடங்கிய சங்கம் இன்று இந்திய கத்தோலிக்க சுகாதாரச் சங்கம் என்ற பெயரில், செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. அதில் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உறுப்பினர்களாக உள்ளன. பெரிய மருத்துவமனைகள் இடம்பெற்றிருந்தாலும், உறுப்பு நிறுவனங்களில் பெரும்பாலானவை கிராமங்களிலும் தொலைதூரப் பகுதிகளிலும் அருட்சகோதரிகள் நடத்தும் சிறு சுகாதார மையங்களே. காசநோய், தொழுநோய், எச்.ஐ.வி. பாதிப்பு ஆகியவற்றுக்கான பணிகளிலும் இச்சங்கம் ஈடுபட்டுள்ளது.

மேரி குளோரிக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான பணிகளைக் குண்டூர் மறைமாவட்டம் முன்னெடுத்தது. 2013ஆம் ஆண்டு அவர் இறை ஊழியர் என அறிவிக்கப்பட்டார். மெல்போர்ன் நகரில் அவரது பெயரில் அருங்காட்சியகம் ஒன்றும் செயல்படுகிறது.

குண்டூரில் அவர் வளர்த்தெடுத்த புனித ஜோசப் மருத்துவமனையை இயேசு, மரியா, ஜோசப் சபையினரே தொடர்ந்து நடத்தி வருகின்றனர். அம்மருத்துவமனையுடன் செவிலியர் கல்வி நிறுவனமும் இணைந்து இயங்குகிறது. மருத்துவர் ஒருவரே இருந்த காலத்தில் உள்ளூர்ப் பெண்களுக்காக அங்கு தொடங்கிய பயிற்சிப் பணி, இன்றும் அவ்வளாகத்தில் தொடர்கிறது.