மலைமேல் குடியேறிய கலெக்டர்

கத்திரி வெயிலில் நம் திருவொற்றியூர் கொதிக்கும்போது, நாலு நாள் ஊட்டிக்குப் போய்வர யாருக்குத்தான் ஆசையில்லை? ஆனால் சாலையும் கடையும் இல்லாத காலத்தில், மழையிலும் உறைபனியிலும் அங்கேயே குடியிருப்பதென்றால்? அப்படி இருந்தவர் ஜான் சலிவன்.

1788-ல் லண்டனில் பிறந்த அவர், கோயமுத்தூர் கலெக்டராயிருக்கையில் 1819-ல் நீலகிரி ஏறினார். முதலில் கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். 1822-ல் ஊட்டியில், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், கல் வீடு கட்டத் தொடங்கினார். கல் பங்களா என்று ஜனங்கள் அழைத்த அது, இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. உருளைக்கிழங்கும் சீமைக் காய்கறிகளும் பயிரிட்டார், ஏரியும் வெட்டுவித்தார்.

அந்த மலையோ ஆளில்லாத மலையல்ல; தோடர், கோத்தர், படகர் முதலியோரின் வீடு. சலிவன் தோடருக்கு விலை கொடுத்தே நிலம் வாங்கினார். ஏக்கருக்கு 1 ரூபாய் சொற்பமே. அவர் வாங்கிய நிலமோ அதிகம். இந்தக் குறையை மறைக்க வேண்டாம். ஆயினும், நிலம் தோடருக்கே சொந்தம் என்று சர்க்காரிடம் வாதாடியவரும் அவரே.

1838-ல் மனைவியும் மகளும் சில நாள் இடைவெளியில் மாண்டார்கள். இருவரையும் ஊட்டி ஸ்டீபன் ஆலயக் கல்லறையில் அடக்கம் செய்தார். பின்பு இங்கிலாந்து திரும்பி, 1855-ல் காலமானார்.

வாசகரே, அடுத்த முறை ஊட்டி சென்றால் ஏரியோடு திரும்பிவிடாதீர்கள். அந்தக் கல்லறையண்டை சற்று நில்லுங்கள். தோடர் குடியிருப்பைக் கண்டால், அது வேடிக்கைக் காட்சியல்ல, நம்முடையதைப் போல ஒரு குடும்பத்தின் வீடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.