தந்தை செல்வா: தோற்றும் கட்சியை விடாதவர்

தாழ்வுபாடு போன்ற மன்னார்க் கரையோரக் கிராமங்களில் தேர்தல் வந்துவிட்டால் சிலர் யாரும் கூப்பிடாமலே வேலையில் இறங்கிவிடுவார்கள். துண்டுப்பிரசுரம் கொடுப்பது, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது, வாக்களிப்பு நிலையத்தில் முகவராக இருப்பது எல்லாம் சம்பளமில்லாத வேலை. பதவியும் அவர்களைத் தேடி வருவதில்லை. பிறகு ஏன் அவர்கள் முப்பது, நாற்பது வருடங்கள் ஒரே கட்சியில் நிற்கிறார்கள்? இதற்கு விடை தேடுபவர்கள் சா. ஜே. வே. செல்வநாயகத்தின் வாழ்க்கையைப் பார்க்கலாம். தமிழரசுக் கட்சித் தொண்டர்களுக்கு அளவுகோலாக இருந்தவர் அவர்.

1898 மார்ச் 31 அன்று மலாயாவின் ஈப்போவில் பிறந்த அவர், சிறுவயதிலேயே தாயுடன் தெல்லிப்பழைக்கு வந்தார். ஆசிரியராக வேலை செய்துகொண்டே சட்டம் படித்தார். கொழும்பில் முன்னணி சிவில் சட்டத்தரணியாக உயர்ந்தார். நல்ல வருமானம் இருந்தது. அரசியலில் தேட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

1947 இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறையில் வென்றார். அடுத்த வருடம் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் உரிமையைப் பறித்தது. கட்சித் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அரசில் சேர்ந்து அமைச்சரானபோது செல்வநாயகம் பிரிந்தார். 1949 டிசம்பர் 18 அன்று தமிழரசுக் கட்சி உருவானது.

அவர் யாருக்காகப் பிரிந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். மலையகத் தொழிலாளர் எவருக்கும் காங்கேசன்துறையில் வாக்கு இல்லை. அவர்களின் முன்னோர் கப்பலிறங்கி மலைநாட்டுக்கு நடந்தது மன்னார்க் கரையிலிருந்துதான். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதும் தலைமன்னார் வழியாகவே.

இந்த நிலைப்பாட்டுக்கு விலை உடனே வந்தது. 1952 தேர்தலில் கட்சிக்கு இரண்டு ஆசனங்களே கிடைத்தன. செல்வநாயகமே தோற்றார். கட்சியைக் கலைக்கவும் இல்லை, வேறு கட்சிக்குத் தாவவும் இல்லை. 1956 இல் கட்சி பத்து இடங்களை வென்றது. மன்னாரில் வி. ஏ. அழகக்கோன் தெரிவானார்.

அந்த வருடம் ஜூன் 5 அன்று, தனிச்சிங்களச் சட்டத்துக்கு எதிராகக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். அடி வாங்கியவர்கள் திருப்பி அடிக்கவில்லை. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தொடங்கிய மறியல் மன்னாருக்கும் பரவியது. ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் வந்தது. தலைவர்கள் பனாகொட முகாமில் அடைக்கப்பட்டார்கள். தொண்டர்களை வெயிலில் இருக்க விட்டுத் தான் வீட்டில் இருந்த தலைவர் அல்ல அவர். கிறிஸ்தவரான அவரைப் பெரும்பாலும் இந்துக்களான வாக்காளர்கள் தந்தை என்று அழைத்ததற்கு இதுவும் காரணம்.

கணக்குப் பார்த்தால் கையில் மிஞ்சியது குறைவு. பண்டாரநாயக்கவுடன் 1957 இலும், டட்லி சேனநாயக்கவுடன் 1965 இலும் செய்த ஒப்பந்தங்கள் இரண்டும் நிறைவேறவில்லை. இளைஞர்கள் பொறுமை இழந்தார்கள். அகிம்சையால் என்ன கண்டோம் என்ற கேள்வி அவர் காலத்திலேயே எழுந்தது. அது நியாயமான கேள்விதான். அதற்கு அவர் மக்களிடமே பதில் கேட்டார். புதிய அரசியலமைப்பை எதிர்த்து 1972 ஒக்டோபரில் ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தலை அரசு 1975 பெப்ரவரி 6 வரை இழுத்தடித்தது. நடுக்குவாத நோயால் தளர்ந்திருந்த அவர் 16,000 க்கும் மேற்பட்ட பெரும்பான்மையால் வென்றார்.

1976 மே 14 அன்று வட்டுக்கோட்டை மாநாடு தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அடுத்த வருடம் ஏப்ரல் 26 அன்று அவர் காலமானார்.

ஊரிலுள்ள பழைய தொண்டர்களிடம் கட்சி உனக்கு என்ன தந்தது என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். செல்வநாயகத்துக்கும் கட்சி தந்தது அதிகமில்லை. தனக்கு வாக்களிக்க முடியாத மக்களுக்காகத் தொடங்கிய வேலையை அவர் தோல்வியிலும் விடவில்லை. கூலி பாராத ஒரு தொண்டரை ஒரே கட்சியில் நிறுத்திவைப்பதும் அதே பிடிப்புத்தான். அது போய்விட்டால் தேர்தல் காலத்தில் கூலிக்கு ஆள் பிடிப்பதைத் தவிரக் கட்சிகளுக்கு வேறு வழி இருக்காது.