இரு மரபின் ஓவியச் செல்வி

பல நாட்டார் ஒருங்கே வாழ்ந்த ஊர் நமது கோரமண்டல். கார்ன்வாலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த சுரங்கத்தாரும், ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தாரும், வட ஆர்க்காட்டிலிருந்து குடியேறிய நம் முன்னோரும் தங்கவயலில் ஒரே சங்கொலிக்கு எழுந்தனர். சுரங்கங்கள் 2001-இல் மூடப்பெற்ற பின்னரும் அந்நினைவு நம்மிடையே மறையவில்லை. இரு குலத்தில் தோன்றி, எக்குலத்தாரும் தம்மவர் என்று எளிதில் ஏற்காத நிலையை அண்டை வீடுகளில் கண்டறிந்தவர்கள் நாம். ஆதலின் அம்ரிதா ஷேர்கில் அம்மையாரின் வரலாறு நமக்கு அயலானதன்று.

அம்மையார் 1913 சனவரி 30-இல் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங், வடமொழியும் பாரசீகமும் கற்ற சீக்கியச் செல்வர். ஒளிப்படக் கலையிலும் தேர்ந்தவர். தாயார் மேரி அந்துவானெத், இசை வல்ல ஹங்கேரி நாட்டு மங்கை. 1921-இல் குடும்பம் சிம்லாவுக்கு வந்தது. மகளின் திறம் கண்ட பெற்றோர் 1929-இல் பாரிசுக்கு அழைத்துச் சென்றனர். அங்கு லூசியன் சீமோனிடம் பயின்ற அம்ரிதா, 1932-இல் தீட்டிய இளமங்கையர் ஓவியத்திற்காக மறு ஆண்டு தங்கப் பதக்கம் பெற்றார்.

ஆயினும் அவர் உள்ளம் அமைதியுறவில்லை. 1934-இல் அவர் வரைந்த ஓர் ஓவியத்தை இங்கே நினைவுகூர வேண்டும். தாகித்தித் தீவின் மகளிரைத் தீட்டிப் புகழ்பெற்ற கொகேனின் முறையைத் தழுவி, அம்ரிதா தம்மையே ஒரு தாகித்திப் பெண்ணாக வரைந்துகொண்டார். பின்புறத்தே ஓர் ஆடவனின் நிழல். கீழ்த்திசைப் பெண்ணை ஐரோப்பியன் நோக்கும் நோக்கு ஒருபுறம். நோக்கப்படுபவளே தூரிகை ஏந்திய நிலை மறுபுறம். அவ்விரண்டும் தம்முள்ளேயே இருந்ததை அவர் அறிந்திருந்தார் என்றே நாம் கருதுகிறோம். தம் கலைக்குரிய நிலம் இந்தியாவே என்று துணிந்து, அவ்வாண்டின் இறுதியில் நாடு திரும்பினார்.

சிம்லாவின் கலைச் சங்கம் 1935-இல் அவர் ஓவியங்களுட் சிலவற்றை விலக்கி, ஒன்றற்குப் பரிசு வழங்கியது. அப்பரிசை அவர் ஏற்க மறுத்தார். செருக்கு என்றனர் சிலர், இருக்கட்டும்.

1936 இறுதியில் தொடங்கிய தென்னாட்டுப் பயணமே அவர் கலையின் திருப்பம். அசந்தாக் குகைகளைக் கண்டார். கொச்சியில் மாட்டஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் நாட்கணக்கில் அமர்ந்து படியெடுத்தார். குமரிமுனை வரை சென்றார். மலைநாடு திரும்பியபின் 1937-இல் தீட்டியவை மூன்று: மணமகளின் ஒப்பனை, பிரமசாரிகள், சந்தைக்குச் செல்லும் தென்னாட்டுச் சிற்றூரார். பாரிசில் கற்ற உருவ அமைப்பும், அசந்தாவின் செம்மண் நிறமும் அவற்றில் பிரித்தறிய இயலாதவாறு கலந்தன. கரிய மேனியும் வெள்ளை வேட்டியும் அத்தகு பெருமிதத்துடன் அதற்குமுன் நெய்வண்ணத்தில் அமைந்தது அரிது.

அம்மாந்தர் முகங்களில் ஏன் இத்துணைத் துயரம் என வினவுவார் உளர். அவ்வினாவில் நியாயம் உண்டு. செல்வக் குடியில் வளர்ந்த அம்மையார் குடம் சுமந்தவரல்லர். உழைப்போரின் சிரிப்பை அவர் தூரிகை பெரிதும் எட்டவில்லை. ஆனால் ஏழையரை வேடிக்கைப் பொருளாக அவர் என்றும் வரைந்ததில்லை.

1938-இல் ஹங்கேரியில் தம் உறவினரான மருத்துவர் விக்டர் ஈகானை மணந்து, மறு ஆண்டு கோரக்பூரை அடுத்த சராயாவில் குடியமர்ந்தார். அங்கே முகலாய, பகாடிச் சிற்றோவியங்களின் நுட்பம் அவர் வண்ணங்களில் புகுந்தது. ஓவியங்கள் சிலவே விலைபோயின. 1937-இல் தீட்டிய கதைசொல்லி என்னும் ஓவியம் 2023-இல் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனதை இங்கே ஒப்பு நோக்குக.

1941-இல் லாகூருக்குச் சென்ற அம்மையார், தம் ஓவியக் காட்சி தொடங்கச் சில நாட்களே இருந்த நிலையில், திசம்பர் 5-ஆம் நாள் மறைந்தார். அகவை இருபத்தெட்டு. அந்நாட்களிலேயே பிரிட்டன் ஹங்கேரி மீது போர் அறிவிக்க, கணவர் பகைநாட்டவராகச் சிறைப்பட்டார். தாய்நாடும் தந்தைநாடும் எதிரெதிர் அணியில் நின்றன.

1976-இல் இந்திய அரசு அவர் ஓவியங்களைத் தேசியக் கலைச்செல்வமாக அறிவித்தது. அவற்றுட் பெரும்பகுதி புதுதில்லி நவீனக் கலைக்கூடத்தில் உள்ளது. லாகூர் வீட்டின் மாடியிலிருந்து கண்ட எருமைகளும் கூரைகளுமாக அவர் தொடங்கிய இறுதி ஓவியம் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது.