போர்க் கைதியான மகனுக்கும் சலுகை கோராத கரியப்பா

இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி பீல்டு மார்ஷல் கே.எம்.கரியப்பா. 1949-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி ஆங்கிலேயத் தளபதி ராய் புச்சரிடம் இருந்து அவர் பொறுப்பேற்ற நாளே ஆண்டுதோறும் ராணுவ தினமாகக் கொண்டாடப்படுகிறது. எனினும், அவரது வாழ்வின் மிகக் கடினமான முடிவை அவர் எடுக்க நேர்ந்தது, ஓய்வு பெற்று 12 ஆண்டுகள் கடந்த பின்னர்தான்.

குடகுப் பகுதியின் சனிவாரசந்தையில் 1899-ஆம் ஆண்டு பிறந்த கரியப்பா, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1919-இல் ராணுவ அதிகாரியானார். குவெட்டா பணியாளர் கல்லூரியில் சேர்ந்த முதல் இந்திய அதிகாரி அவரே. இரண்டாம் உலகப் போரில் இராக், சிரியா, ஈரான், பர்மா ஆகிய நாடுகளில் பணியாற்றினார். 1942-இல் பட்டாலியன் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார். 1948-இல் காஷ்மீர்ப் போரை வழிநடத்தினார். 1953-இல் ஓய்வு பெற்ற பின்னர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளுக்கான இந்தியத் தூதராகவும் பணிபுரிந்தார்.

இல்வாழ்க்கை அவருக்கு எளிதாக அமையவில்லை. 1937-இல் நடைபெற்ற திருமணம் சில ஆண்டுகளில் முறிந்தது. 1948-இல் அவருடைய மனைவி விபத்தில் உயிரிழந்தார். மகனும் மகளும் தந்தையின் பொறுப்பில் வளர்ந்தனர். மகன் நந்தா விமானப் படையில் சேர்ந்தார்.

1965 போரில், சண்டை நிறுத்தம் அமலுக்கு வருவதற்கு முந்தைய நாளான செப்டம்பர் 22 அன்று, நந்தா ஓட்டிய ஹன்டர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. முதுகெலும்பில் காயமடைந்த அவர் பாகிஸ்தான் படையினரிடம் சிக்கினார். அப்போது பாகிஸ்தான் அதிபராக இருந்த அயூப் கான், பிரிவினைக்கு முன்னர் கரியப்பாவின் கீழ் பணியாற்றியவர். பழைய மேலதிகாரியின் மகன் என்பதை அறிந்ததும், நந்தாவை விடுவிக்கத் தயார் எனத் தூதரகம் வழியாகத் தகவல் அனுப்பினார்.

கரியப்பாவுக்கு அப்போது வயது 66. குடகில் மடிக்கேரி இல்லத்தில் இருந்த அவர் சம்மதித்திருந்தால், காயமுற்ற ஒரே மகன் சில நாள்களில் வீடு திரும்பியிருக்கக்கூடும். யாரும் அவரைக் குறை கூறியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் அவர் ஏற்கவில்லை. சிறைப்பட்ட இந்திய வீரர்கள் அனைவரும் தமக்குப் பிள்ளைகளே என்றும், விடுவிப்பதாயின் எல்லோரையும் விடுவிக்க வேண்டும் என்றும், மகனுக்குத் தனிச் சலுகை எதுவும் வேண்டாம் என்றும் பதில் அளித்தார். நான்கு மாதங்கள் சிறையில் இருந்த நந்தா, 1966 ஜனவரியில் விடுதலையானார். பிற்காலத்தில் ஏர் மார்ஷல் நிலைக்கு உயர்ந்த அவர், தந்தையின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார்.

முன்னாள் படைவீரர்களின் நலனில் இறுதிவரை அக்கறை காட்டிய கரியப்பாவுக்கு, 1986-இல், சாம் மானெக்‌ஷாவுக்கு அடுத்தபடியாக பீல்டு மார்ஷல் தகுதி வழங்கப்பட்டது. 1993-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி பெங்களூருவில் அவர் காலமானார். மடிக்கேரியில் நடைபெற்ற இறுதிச் சடங்கில் மானெக்‌ஷாவும் முப்படைத் தளபதிகளும் பங்கேற்க, சிதைக்கு நந்தா தீ மூட்டினார்.